இரண்டு சின்ன பைக்குகளை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒன்று 100 சிசி, இன்னொன்று 125 சிசி. இரண்டில் எதை வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை, அடுத்தது மைலேஜை. நானும் ஒருமுறை இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் முடிவெடுத்தேன். தினமும் வேலைக்குப் போய்வர அந்த வண்டி அருமையாகவே இருந்தது. பின்னால் ஆள், சீட்டில் கட்டிய பை என்று முதல் நீண்ட ஏற்றத்துக்குப் போனபோதுதான் நாலாவது கியரில் இழுக்கவில்லை, மூன்றாவதில் எஞ்சின் அலறியது. நடுவில் ஒரு கியர் இருந்தால் போதும் என்று வழியெல்லாம் ஏங்கினேன். அன்றிலிருந்து சின்ன பைக்கைப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: நாம் போகும் வேகத்தில், நாம் ஏற்றும் சுமையோடு, இந்த வண்டியிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது இந்தக் கேள்விக்குப் பதில் தராது. விளம்பரத்தில் இருக்கும் எண், எஞ்சின் 7500 அல்லது 8000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது கிடைப்பது. தினசரி ஓட்டத்தில் நாம் பெரும்பாலும் அதில் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். அதனால் டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, எவ்வளவு என்பதோடு, அது எந்த ஆர்பிஎம்மில் உச்சத்துக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு வண்டிக்கும் டார்க் 10 நியூட்டன் மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 5000-இல் அதைத் தருகிற வண்டி நெரிசலில் அடிக்கடி கியர் குறைக்க வைக்காது. 6500-இல் தருகிற வண்டியை முறுக்கி ஓட்டினால்தான் உயிர் வரும். கியர் நாலா, ஐந்தா என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஏற்றத்தில் நான் பட்ட பாடு இரண்டு கியருக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளியால் வந்ததுதான்.

வேகத்தைப் பற்றிய தவறு இதைவிடப் பெரியது. "60-இல் எவ்வளவு அமைதியாகப் போகிறது, 80-இல் கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவுதானே" என்று நினைக்கிறோம். காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் கூடுகிறது. 60-இலிருந்து 80-க்குப் போனால் அது ஏறக்குறைய 2.4 மடங்கு. 8 குதிரைத்திறன் வண்டி 80-இல் தன்னிடம் இருப்பதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். எதிர்க்காற்று அடித்தால், லாரியை முந்த வேண்டி வந்தால், கொடுக்க ஒன்றும் இருக்காது. 11 குதிரைத்திறன் வண்டிக்கு அதே வேகத்தில் கொஞ்சம் மூச்சு இருக்கும். நகருக்குள் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது; நெடுஞ்சாலையில் நாள் முழுக்கத் தெரியும். மலைப்பாதைப் பயணம் மனதில் இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். உயரம் 1000 மீட்டர் கூடும்போது எஞ்சின் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும்.

அடுத்தது மைலேஜ். லிட்டருக்கு 60 தரும் வண்டியையும் 70 தரும் வண்டியையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் முதல் வண்டி சுமார் 13.3 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 11.4. வித்தியாசம் இரண்டு லிட்டருக்கும் குறைவு. அதற்காக இழுவையையும் சீட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு மைலேஜைத் தனியாகப் பார்ப்பதே தப்பு, டேங்க்கின் அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். 10 லிட்டர் டேங்க்கும் 60 மைலேஜும் இருந்தால் 600 கிலோமீட்டர். 8 லிட்டர், 70 என்றால் 560. குறைந்த மைலேஜ் வண்டிதான் அதிக தூரம் போகிறது.

எடையை ஒப்பிடும்போது ஒரு வண்டிக்கு பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்த எடையும், இன்னொன்றுக்கு அவை இல்லாத எடையும் கொடுத்திருக்கலாம். 10 லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய ஏழரை கிலோ. அதைவிட முக்கியமாக, பலர் பார்க்கவே பார்க்காத ஒரு எண் இருக்கிறது: சுமையோடு வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை. கையேட்டில் இருக்கும். வண்டி 115 கிலோ, அனுமதித்த மொத்த எடை 245 என்றால் மிச்சம் 130. 65 கிலோ உள்ள இருவர் ஏறினாலே அது முடிந்துவிடும், பை வைக்க இடமில்லை. இருவராகப் பயணம் போகும் எண்ணம் இருந்தால் குதிரைத்திறனுக்கு முன்னால் இதைப் பாருங்கள் என்பேன்.

பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து சீட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதும் ஒரு தவறுதான். பஞ்சு அதிகமாக, மெத்தென்று இருக்கும் சீட் கடையில் ரொம்பப் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கும் தகடு தெரிய ஆரம்பிக்கும். முடிந்தால் நண்பரின் வண்டியை வாங்கி ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, மணிக்கட்டில் பாரம் விழுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போய் உட்காரவைத்துக் கேளுங்கள். அவருக்கு வலித்தால் அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும்.

பிரேக்கில் குழப்பம் ஒன்று உண்டு. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வேறு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேறு. முதலாவது இருப்பதால் ஈரச்சாலையில் சறுக்காது என்று நம்பாதீர்கள். முன்னால் டிரம்மும் டிஸ்க்கும் என்று தேர்வு இருந்தால், இறக்கம் உள்ள பாதைகளுக்கு டிஸ்க்கை எடுங்கள். தொடர்ந்து பிடிக்கும்போது டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும்.

டயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம்.

இரண்டு வண்டியும் கைக்குக் கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஏற்றம், பின்னால் ஒரே ஆள். டாப் கியரில் 40-இல் போய்க்கொண்டு ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். ஒன்று மெல்லவாவது வேகம் பிடிக்கும், இன்னொன்று கியரைக் குறைக்கச் சொல்லும். பிறகு ஒரு கியர் குறைத்து இரண்டிலும் திரும்பச் செய்து பாருங்கள், எந்த எஞ்சின் கத்தாமல் ஏறுகிறது என்று.