பந்தை விழ விடாதீர்கள்: கரப்பந்து பழக வருபவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் எங்களோடு கரப்பந்து, அதாவது வொலிபோல், விளையாட வருகிற புதுப் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஸ்மாஷ் அடிக்கிறது எப்படி?" குதித்து, வலைக்கு மேலால் பந்தை ஓங்கி அடிப்பதுதான் ஸ்மாஷ். ஒரு மாதத்துக்கு அதை மறந்துவிடு என்பேன். முகம் வாடிப்போகும், ஆனாலும் அப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் ஸ்மாஷ் வருவது மூன்றாவது தொடுகையில், ஆட்டம் கெடுவதோ முதலாவதில்.

விளையாட்டின் நோக்கம் மிக எளிது. பந்து அவர்கள் பக்கத்து நிலத்தில் விழவேண்டும், நம் பக்கத்தில் விழக்கூடாது. பக்கத்துக்கு 6 பேர், பந்தைத் திருப்பி அனுப்ப 3 தொடுகை, பிடித்து வைத்திருக்கக் கூடாது, எதிரணி அடிக்கிற பந்தை வலையோரம் கை உயர்த்தி மறிக்கும்போது (ப்ளொக்) கையில் படுவதைத் தவிர ஒருவரே அடுத்தடுத்து இரண்டு தரம் தொடவும் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றாலும் பந்தை அடுத்தவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். முதலாமவர் எடுத்துக் கொடுக்க, செற்றர் தூக்கிவிட, மூன்றாமவர் அடிப்பார். 25 புள்ளியும் 2 புள்ளி வித்தியாசமும் எடுத்தால் ஒரு செற், மூன்று செற் எடுத்தவர் வென்றவர், ஐந்தாவது செற் வரை போனால் அது மட்டும் 15 புள்ளி.

சரி, முதல் தொடுகைக்கு வருவோம். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு காலைக் கொஞ்சம் முன்னே விட்டு, முழங்காலை மடக்கி நில்லுங்கள். ஒரு கைக்குள் மற்றக் கையை வைத்து, இரண்டு பெருவிரலையும் ஒட்டி நிலத்தைப் பார்க்க விட்டால் முழங்கை தானாக நிமிரும், முன்கை இரண்டும் ஒரு பலகை மாதிரி ஆகும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் அந்தத் தட்டையான இடத்தில்தான் பந்து பட வேண்டும். கையை வீசாதீர்கள். வீசினால் பந்து தலைக்குப் பின்னால் போய் மணலில் விழும், புதிதாக வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நடப்பது இதுதான். முழங்காலை நிமிர்த்துகிற வேகமே போதும், கை வெறுமனே பந்துக்குக் கீழே இருந்தால் சரி. முதல் வாரம் முன்கை சிவந்து எரியும், பயப்பட வேண்டாம், ஆனால் பந்தில் காற்று கல்லுப்போல இருக்கிறதா என்று பாருங்கள், பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு ஆள் விளையாடுவார், அது காற்று. வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று தரையிலிருந்து கடல் பக்கமாக அடிக்கும், உயரத் தூக்கிய பந்தை அப்படியே கரையோரம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த மாதங்களில் பந்தைத் தாழ்வாகவும் சற்றுத் தரைப்பக்கமாகவும் கொடுத்துப் பழகுங்கள். ஆடுகளத்தின் நீளம் கரைக்குச் சமாந்தரமாக வரக் கீறினால் பின்னேர வெயிலும் ஒருவர் கண்ணிலும் நேரே படாது. சரியான அளவு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், வலை ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர். பழகும் பிள்ளைகளுக்கு இந்த உயரம் வேண்டாம், கை எட்டுகிற உயரத்தில் கட்டுங்கள். நாங்கள் பழைய மீன்வலைத் துண்டொன்றை இரண்டு கம்பில் கட்டித்தான் தொடங்கினோம்.

ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை அடித்து அனுப்புகிற சேர்விஸுக்கு முதலில் இடுப்புக்குக் கீழிருந்து தட்டினால் போதும், பந்து வலையைத் தாண்டுவதுதான் கணக்கு.

இனிப் பலனைச் சொல்கிறேன். குனிந்து எழும்பிக் குதிப்பதில் தொடையும் காலும் உறுதியாகும், மூச்சு நெடுநேரம் தாங்கும், கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகும். மணலில் விளையாடினால் முழங்காலுக்கு அடி குறைவு. ஆனாலும் குதித்தால் இரண்டு காலிலும், முழங்காலை மடக்கி இறங்குங்கள், வலைக்குக் கீழே அடுத்தவர் காலில் மிதித்துக் கணுக்கால் பிரண்டவர்கள் எங்களிலேயே சிலர் இருக்கிறார்கள். நடுவில் வலை இருப்பதால் இடித்துத் தள்ளுவது இல்லை, அப்பாவும் மகளும் ஒரே கோட்டில் நிற்கலாம். 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் இதை உருவாக்கியதே கூடைப்பந்து கடினமாக இருந்த வயது வந்தவர்களுக்காகத்தான். நம் நாட்டில் 1991இலிருந்து இதுதான் தேசிய விளையாட்டு.

எனக்குப் பெரிய பலன் வேறு. சேர்விஸ் நம் கைக்குத் திரும்பும்போதெல்லாம் எல்லோரும் மணிக்கூட்டுத் திசையில் ஓரிடம் மாற வேண்டும், ஆகவே பின்னால் ஒளிந்து நிற்க ஒருவராலும் முடியாது. பந்து வந்தால் "நான்!" என்று கத்தியே ஆகவேண்டும், கத்தாவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் பந்து விழும். முதல் நாள் வாயே திறக்காத ஒரு தங்கச்சி, மூன்றாம் கிழமை கடல் இரைச்சலையும் மீறிக் கத்தினதை நான் கேட்டேன். அந்தக் குரலுக்காகவே இன்னும் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவரலாம்.

மார்கழி மழையில் கரைக்குப் போகமுடியாத நாட்களில் வீட்டுச் சுவர் இருக்கிறது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நின்று முன்கையாலேயே தட்டி எண்ணுங்கள். ஐம்பது வரை விழாமல் போனால் வந்து சொல்லுங்கள், அன்றைக்கே ஸ்மாஷ் தொடங்குவோம்.