பேசாத பேய்களை நாலு கட்டத்தில் வரைவது எப்படி

சொல்லே இல்லாத நாலு கட்டப் படக்கதையில் பேய் யாரென்று பார்த்ததும் தெரிய வேண்டும். டிராகுலாவுக்கு நிமிர்ந்த காலரும் இரண்டு கோரைப்பல்லும் போதும். மம்மிக்குக் கையிலிருந்து தொங்கும் துணி நுனி. ஓநாய் மனிதனுக்குக் கூரான காது, கிழிந்த காற்சட்டை. பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய பூதத்துக்குச் சப்பைத் தலை, கழுத்தில் இரண்டு ஆணி. அந்த ஆணி மேரி ஷெல்லி 1818இல் எழுதிய கதையில் இல்லை, 1931இல் வந்த படத்தின் ஒப்பனை. ஆனால் சனங்கள் மனதில் நிற்பது அதுதான், அதையே வரையுங்கள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். யாரென்று தெரியாவிட்டால் கோடுகளைக் கூட்டாதீர்கள், அடையாளத்தைப் பெரிதாக்குங்கள்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து ஒரே படத்துக்கு ஒன்றாகச் சிரிப்பார்கள். சொல்லில்லாத படக்கதையில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்தது அதனால்தான்.

சிரிப்புக்கு வருவோம். ஒவ்வொரு பேய்க்கும் ஒரு சட்டம் உண்டு. அதை நம் ஊர் வழக்கத்தோடு மோதவிட வேண்டும். ஓநாய் மனிதன் உருமாறுவது பௌர்ணமியில். இங்கே பௌர்ணமி என்றால் போயா, பௌத்தர்களின் புனித நாள்; இறைச்சிக்கடை பூட்டு! முதல் கட்டத்தில் முழுநிலா, இரண்டாவதில் பாய்ந்தோடும் ஓநாய், மூன்றாவதில் பூட்டிய கடைவாசல். நாலாவதில் அதே வாசல், அதே கோணம்; ஓநாய் படியில் குந்தி கரட் கடிக்கிறது. கோணம் மாறாமல் ஒன்றே ஒன்று மாறினால் கண் நேரே அங்கே போகும்.

டிராகுலாவைத் தேயிலை மலைக்குக் கூட்டிவாருங்கள். வெயில் அவனுக்கு ஆகாது. மூடுபனி இருந்தால் பகலிலும் நடப்பான். பனியை வரையத் தேவையில்லை, மலையை வரைந்த கோடு நடுவில் அறுபட்டால் வெள்ளைத் தாளே பனியாகிவிடும். பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறான். அடுத்த கட்டத்தில் அசையாமல் நிற்கிறான். இந்தச் சும்மா நிற்கும் கட்டத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், சிரிப்பு ஊறுவது அங்கேதான். மூன்றாவதில் குனிந்து பார்க்கிறான்: காலில் இரத்தம் குடித்துக் கொழுத்த அட்டை. கடைசியில் கொழுந்தெடுக்கிற அக்கா சவர்க்காரத் துண்டை நீட்டுகிறார். அட்டை ஏறாமலிருக்க மலையில் காலுக்குப் பூசுவதுதானே! எங்கள் பெண்கள் பேயைக் கண்டு அலறுவதாக வரையாதீர்கள். அட்டையோடும் குளிரோடும் நாள் முழுக்க மலையில் நிற்பவர்கள் அவர்கள்.

முகத்தில் புருவம் ஒன்றே அசையட்டும். வியர்வைத்துளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம், அவையும் பேச்சுத்தான்.

சாமானுக்கு ஏ4 தாளும் கறுப்புப் பேனையும் போதும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து மை கசியும், பிஸ்கட் டின்னுக்குள் மூடி வையுங்கள்.

வரைந்து முடித்ததும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் கேட்டால் பிழை பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் இருக்கும். அதை மட்டும் திரும்ப வரைந்து, இன்னும் படத்தைப் பார்க்காத வேறொருவரிடம் காட்டுங்கள்.