விருது கம்பெனிக்கு, இருக்கை நமக்கு: விமான டிக்கெட் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் டிக்கெட் போடும் வேலைக்குப் புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறார். போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போக வேண்டும். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. தம்பி இரண்டு நிமிடம் கீபோர்டைத் தட்டிவிட்டு, "இதுல போங்கம்மா, உலகத்துலேயே நம்பர் ஒன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 11 வருடங்களுக்கு முன்னால் இதே வார்த்தையை நான் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போடாதது, இரவு 12 மணி தாண்டிய விமானத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போய் நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். இருக்கை விஷயத்தில் செய்யும் தப்பு அப்படியில்லை. காசைக் கட்டி, பறந்து, இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் எங்கே ஏமாந்தோம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

தரவரிசையை நம்பி டிக்கெட் எடுப்பது

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நல்ல உடம்பு, அகலமான தோள். அவரையும் அம்மாவையும் அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்ப நான் டிக்கெட் எடுத்தேன். அந்த நேரத்தில் பட்டியல்களின் உச்சியில் இருந்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். மற்றதைவிட ஆளுக்கு 11,000 ரூபாய் அதிகம். "விருது வாங்கின கம்பெனி, சொகுசா இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். இறங்கியதும் போன் வந்தது. "ஏம்ப்பா, டவுன் பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலு பேரை நான் உட்கார வெச்சிருக்கேன். இவன் அதை எனக்கே செஞ்சுட்டான். பரிசு எதுக்குக் குடுத்தாங்க?"

அப்பா விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நடந்தது கிட்டத்தட்ட அதுதான். அவர்கள் போனது போயிங் 777. அந்த விமானம் 1995-இல் சேவைக்கு வந்தபோது எகானமியில் குறுக்கே ஒரு வரிசைக்கு 9 இருக்கை என்பதே வழக்கம். முதலில் பறக்கவிட்ட யுனைடெட் அதை 2-5-2 என்று, அதாவது நடுவே இரண்டு நடைபாதை விட்டு, பிரித்திருந்தது. வேறு பலர் 3-3-3 போட்டார்கள். பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பத்தாவது இருக்கையைச் செருகி 3-4-3 ஆக்கின. விமானத்தின் உள் அகலம் அதே 5.86 மீட்டர்தான், சுவரைத் தள்ளி வைக்க முடியாதே! பதினெட்டரை அங்குலம் வரை இருந்த இருக்கை 17 அங்குலம் ஆனது, நடைபாதையும் ஒடுங்கியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முழங்கையைச் சாப்பாட்டு வண்டி மூன்று முறை இடித்ததாம்.

இவ்வளவுக்கும் பட்டியல் பொய் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று நான்தான் பார்க்கவில்லை. பலரும் மேற்கோள் காட்டும் ஸ்கைட்ராக்ஸ் விருது, லண்டனில் இருக்கும் ஒரு நிறுவனம் பயணிகளிடம் கருத்துக் கேட்டு ஆண்டுதோறும் தருவது. 2023-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2024-லும் 2025-லும் கத்தார் ஏர்வேஸ் முதலிடம். பணியாளர்களின் கவனிப்பு, சாப்பாடு, சுத்தம், திரை, இருக்கை என்று எல்லாம் சேர்ந்து குழம்பாகி வரும் மதிப்பெண் அது. படுத்துத் தூங்கும் பிசினஸ் வகுப்பில் போனவரும் அதில் வாக்களித்திருப்பார். அவருடைய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எகானமியில் 41-ஆம் வரிசையில் உட்காருபவர் என்ன செய்வது?

இன்னொன்று, விருது மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்துத் தரப்படுகிறது. நாம் உட்காருவது ஏதோ ஒரு விமானத்தில். ஒரே நிறுவனத்திடமே வகை வகையாக விமானங்கள் இருக்கும். எமிரேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய 777-லும் 3-4-3, இரண்டு தளம் உள்ள ஏர்பஸ் ஏ380-இன் கீழ்த்தளத்திலும் 3-4-3. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஏ380-இன் கீழ்த்தளம் 6.5 மீட்டர் அகலம், அதனால் அதே பத்துப் பேர் நிம்மதியாக மூச்சு விடலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 777-இல் இன்னும் 3-3-3 தான் வைத்திருக்கிறது.

3-3-3 என்று பார்த்ததும் தலையாட்டிவிடவும் கூடாது. ஏர்பஸ் ஏ350 உள்ளே 5.61 மீட்டர் அகலம், போயிங் 787 வெறும் 5.49. ஒன்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை அங்குலம் வித்தியாசம் வரும். அதைவிடக் குறுகலான ஏர்பஸ் ஏ330-க்கு 2-4-2 தான் பொருத்தம், மலிவுக் கட்டண நிறுவனமான ஏர்ஏசியா எக்ஸ் அதிலும் 3-3-3 அடைத்திருக்கிறது. டிக்கெட் மலிவு என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கும் நமக்குத் தெரிந்திருந்தால் சரி.

நீண்ட பயணத்துக்கு இருக்கை ஒன்றுக்கு 18 அங்குலமாவது வேண்டும் என்று 2013-இல் விமானம் தயாரிக்கும் ஏர்பஸ் ஊரெல்லாம் பேசியது. அதே ஏர்பஸ்ஸின் ஏ350-இல் இன்று பிரெஞ்சு பீ என்ற மலிவுக் கட்டண நிறுவனம் குறுக்கே 10 பேரை உட்கார வைக்கிறது. எதிர்த் திசையிலும் ஒருவர் உண்டு. 787-ஐ உலகமே 3-3-3 ஆக ஓட்டும்போது, ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச 787 எகானமியை 2-4-2 ஆக வைத்திருக்கிறது. ஸ்கைட்ராக்ஸின் சிறந்த எகானமி இருக்கை விருதை அது பலமுறை வாங்கியதற்குப் பின்னால் இருப்பது அந்த ஓர் இருக்கையை விட்டுக்கொடுத்ததுதான் என்பது என் எண்ணம். பட்டியல்தான் பார்ப்பேன் என்பவர்கள் மொத்தப் பட்டியலை விட்டுவிட்டு அந்தப் பிரிவையாவது பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிக்கெட் போடும் பக்கத்தில் விமான வகை இருக்கும். 77டபிள்யூ என்றால் 777-300இஆர், 789 என்றால் 787-9, 359 என்றால் ஏ350-900, 388 என்றால் ஏ380. பணம் கட்டும் முன் இருக்கை வரைபடத்தைத் திறந்து குறுக்கே எண்ணுங்கள். 777-இல் பத்து வந்தால், அங்கேயே கொஞ்சம் நின்று யோசியுங்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது, "யாருண்ணே இதெல்லாம் எண்ணிக்கிட்டு இருப்பாங்க" என்றார். 15 மணி நேரம் உட்காரப் போகிறவர் எண்ணுவார் என்றேன்.

அந்தத் தம்பதிக்கு ஏ350 போட்டோம். 4,000 ரூபாய் மிச்சம்.

பிட்ச் என்றால் கால் நீட்டும் இடம் என்று நினைப்பது

ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம்தான் பிட்ச். முதுகுச் சாய்வின் தடிமனும் அதற்குள் அடக்கம். அதனால் மெல்லிய சாய்வு உள்ள 30 அங்குலம், பழைய மெத்தை இருக்கையின் 31-ஐவிடத் தாராளமாக இருக்கலாம். பத்திரிகை வைக்கும் பையைச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே ஏற்றிவிட்டால் முழங்காலுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கும். நம் ஊர் மலிவுக் கட்டண விமானங்களில் 28, 29 என்று இருப்பதை இரண்டு மணி நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நீண்ட பயணத்துக்கு 31-க்குக் கீழே போக வேண்டாம். சில இருக்கைகளுக்கு அடியில் திரைக்கான மின்பெட்டி வேறு பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம், பிட்ச் எவ்வளவு இருந்தாலும் அது தோளுக்கு இடம் தராது.

அவசர வழி வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டுவது

கால் நீளும். ஆனால் பல விமானங்களில் அங்கே தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், கைப்பிடியைத் தூக்க முடியாது, அகலமும் கொஞ்சம் குறையும். பெரிய விமானத்தில் கதவின் வீக்கம் ஜன்னலோர இருக்கைக்காரரின் காலில் வந்து முட்டும். முக்கியமாக, அவசரம் என்றால் கதவைத் திறக்கும் தெம்பு உள்ளவரைத்தான் அங்கே உட்கார விடுவார்கள். முழங்கால் வலிக்காரருக்கு அதை வாங்கிக் கொடுத்து, விமானத்துக்குள் அவரை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்த கதை எனக்கு உண்டு.

தடுப்புச் சுவர் வரிசை

குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம். தூக்கம் வேண்டுமென்றால் தவிர்க்கவும்.

ஜன்னல் இருக்கை என்றால் ஜன்னல் இருக்கும் என்று நம்புவது

போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் ஒரு வரிசையில் வெறும் சுவர்தான். குளிர்காற்றுக் குழாய் அதற்குள் மேலே ஏறுகிறது.

ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுவது

கிளம்பும் முன் விமானத்தை மாற்றுவது சகஜம். மாற்றினால் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்ணைக் கணினி தன் இஷ்டத்துக்கு வேறெங்கோ தூக்கிப் போட்டுவிடும். ஒரு வாரம் முன்னால் ஒருமுறை, செக்-இன் திறந்ததும் ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசி வரிசை

சாயாது. பின்னால் கழிப்பறை.