கடலூர் கப்பல் சண்டைய டேபிள்ல போடுறது எப்படி

லண்டன்ல சல்யூட்னு ஒரு வார்கேம் ஷோ நடக்கும், அதாவது சண்டைகள டேபிள் மேல பொம்மைய வச்சு ஆடுற ஆட்டம், ஹால் முழுக்க டேபிளு, சும்மா சுத்திப் பாக்க வந்தவன கூட உக்கார வச்சு ஒரு ஆட்டம் ஆட விடுவாங்க. அங்க போக நமக்கு ஆகாது, ஆனா புதுச்சேரில ஒரு மாடி ரூமும் ஒரு ஞாயித்துக்கெழமையும் கெடச்சா அதுல ஒரு டேபிள நாமளே போட்டுறலாம்.

மொதல்ல 28 மில்லிமீட்டர் சிப்பாய் பொம்மை வாங்கி பெயிண்ட் அடிக்கலாம்னு எறங்காதீங்க, ஆறு மாசம் ஆனாலும் ஆட்டம் தொடங்காது. கப்பல் சண்டைன்னா அட்டையே போதும். நம்ம கடலூருக்கு எதிர்லயே 1783 ஜூன் 20ல நடந்துச்சு, இங்கிலீஷ்காரன் ஹியூஸ் 18 போர்க்கப்பல், பிரெஞ்சுக்காரன் சுஃப்ரேன் 15. கரையில முற்றுகைல மாட்டிக்கிட்டு இருந்தது யாருன்னா புதுச்சேரில புஸ்ஸி வீதின்னு சொல்றோமே, அதே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. மூணு கப்பலுக்கு ஒரு அட்டைன்னு வச்சா ஆறுக்கு அஞ்சு, கணக்கு அப்படியே நிக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகைய மூணு இஞ்சுக்கு கப்பல் மாதிரி வெட்டி, பல்லு குத்துற குச்சிய பாய்மரமா நட்டு, அடியில ஒரு ரூபா காசு ஒட்டிருங்க. காசு ஏன்னா, நான் ஒட்டாம வச்சேன், எவனோ ஃபேன போட்டான், சுஃப்ரேனோட மொத்தப் படையும் கட்டிலுக்கு அடில.

ஆறடிக்கு நாலடி டேபிள், மேல நீலப் பெட்ஷீட், நீளமான ஒரு ஓரம் கடலூர் கரை. அன்னைக்கு காத்து மேக்கேர்ந்து, அதான் கச்சான், அதனால கரைப்பக்கம் இருக்குற பிரெஞ்சுக்காரனுக்குத்தான் காத்து கைல. காத்து பக்கவாட்டுல இருந்தா ஆறு இஞ்ச் நகரு, பின்னாடி இருந்தா அஞ்சு, எதிர்காத்துல போகவே முடியாது, டெய்லர் டேப்ப வச்சு அளந்துக்கோங்க. பக்கவாட்டு பீரங்கி எட்டு இஞ்ச் எட்டும், ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் புள்ளி இருக்குற லூடோ கட்டை மூணு உருட்டுங்க, அஞ்சோ ஆறோ விழுந்தா ஒரு அடி, ஆறு அடி வாங்குனா கப்பல் அவுட்டு. ஹியூஸ் கப்பல்ல ஸ்கர்வி, அதான் வைட்டமின் சி கொறஞ்சா வர்ற நோய், வந்து நெறைய பேரு படுத்துட்டாங்க, அதனால இங்கிலீஷுக்கு ரெண்டே கட்டைதான். அநியாயம்னு கத்துவாங்க, கத்தட்டும்.

மூழ்கடிச்சாதான் வெற்றின்னு மட்டும் வைக்காதீங்க. நெஜத்துல ஒரு கப்பல் கூட முழுகல, மூணு மணி நேரம் சுட்டுக்கிட்டாங்க, அப்புறம் ஹியூஸ் மெட்ராஸுக்கு கெளம்பிட்டாரு. அதனால வடக்கு ஓரத்த தாண்டி இங்கிலீஷ் போயிட்டா பிரெஞ்சுக்கு ஜெயம், எட்டு சுத்து தாக்குப் பிடிச்சா இங்கிலீஷுக்கு.

ரூல் எல்லாம் ஒரே தாள்ல பெருசா எழுதி ஒட்டுங்க, புதுசா வர்றவன் நின்னுக்கிட்டே படிச்சு அரை மணில ஆடிட்டுப் போகணும். டீ கிளாஸுக்கு தனி ஸ்டூல், டேபிள் மேல கண்டிப்பா கூடாது.

கடைசியா ஒரு சீட்டுல 'சமாதானம்'னு எழுதி மடிச்சு வச்சுக்கோங்க. ஐரோப்பால ஜனவரிலயே சமாதானம் பேசி முடிச்சாச்சு, சேதி இங்க வந்தது சண்டைக்கு அப்புறம் ஜூன் கடைசிலதான். அஞ்சாவது சுத்துலேர்ந்து ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கட்டை உருட்டுங்க, ஒண்ணு விழுந்தா சீட்ட பிரிச்சுக் காட்டி ஆட்டத்த அங்கயே நிறுத்திருங்க, யாரு ஜெயிக்கிற நெலமைல இருந்தாலும் சரி.