கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு நாள்: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் இரண்டு வாடகைக் கார்கள் இருக்கின்றன. ஒன்றை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், இன்னொன்றைப் பக்கத்துத் தெருத் தம்பி. தொலைபேசியை எடுப்பதும், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதை முதலில் பார்ப்பது என்று தாளில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. திருமணமான இரண்டு மூன்று மாதத்தில் ஜோடியாக ஒரு நாள் புதுச்சேரி போய்வருவது எங்கள் பக்கத்தில் இப்போது மறுவீட்டு விருந்து போலவே ஒரு சடங்காகிவிட்டது. விடியுமுன் கிளம்பி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், இரவே திரும்பிவிட வேண்டும். எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வதைத்தான் யாரும் கேட்பதில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்துவிட்டு வருகிறார்கள்.

தொப்பி, தண்ணீர், கைப்பேசிக்குச் சார்ஜ் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லியனுப்புவார்.

சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க மாலையில் காத்திருப்பது

கடல் கிழக்கே இருக்கிறது.

நண்பகலில் ஊருக்குள் நுழைவது

ஐந்து மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்புகிறவர்கள் புதுச்சேரிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. அரவிந்தர் ஆசிரமம் பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். அடுத்த தெருவில் மணக்குள விநாயகர் கோயிலும் நண்பகலில் நடை சாத்திவிடும், பிறகு மாலைதான். திங்கட்கிழமை என்றால் அருங்காட்சியகமும் கிடையாது. மிஞ்சுவது வெயில் மட்டும். வெயிலில் நின்றுகொண்டு, "உன் அலங்காரம் முடியத்தானே தாமதம்" என்று தொடங்கினால் அது மாலை வரை ஓடும். தங்கள் முதல் பெரிய சண்டையைப் போட்டது மணக்குள விநாயகர் கோயில் வாசலில்தான் என்று என்னிடம் சொன்ன ஜோடிகள் மூன்று.

நண்பகலைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள்.

ஆரோவில்லை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்வது

திண்டிவனத்திலிருந்து வருகிறவர்களுக்கு, பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில் புதுச்சேரிக்கு முன்பே வந்துவிடும். ஆனால் எல்லோரும் நேராக நகரத்துக்குள் போய், அங்கே சுற்றிவிட்டு, மறுபடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வருகிறார்கள். வரும்போதே பார்த்துவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு ஏமாற்றமும் அங்கே காத்திருக்கிறது. அந்தத் தங்க நிற உருண்டைக்குள், அதாவது மாத்ரிமந்திருக்குள், போய் உட்காரலாம் என்று நினைத்து வருகிறார்கள். உள்ளே தியான அறைக்குப் போக வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அன்றைக்கே வருகிறவர்களுக்குக் கிடைப்பது, பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மர நிழலில் ஒரு கிலோமீட்டர் போல நடந்து, தூரத்திலிருந்து பார்க்கும் இடம். என்னைக் கேட்டால் அந்த நடையே போதும். 1968இல் ஆரோவில்லைத் தொடங்கியபோது அந்த இடம் பெரும்பாலும் மொட்டைச் செம்மண் காடு. இன்று நீங்கள் ஒதுங்கி நிற்கும் நிழலெல்லாம் அதற்குப் பிறகு வைத்து வளர்த்தது. புதுப் புடவையில் குதிகால் செருப்போடு வந்த பெண்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிப்பது

இதைப் பற்றித்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அவள் சொன்ன தேதியைக் கேட்டுவிட்டு, "அன்றைக்குப் பௌர்ணமி, வேறு நாள் பாரம்மா" என்றேன். "நாங்கள் திருவண்ணாமலைக்குப் போகவில்லை அக்கா, புதுச்சேரிக்குத்தானே போகிறோம்" என்றாள். இதே வாக்கியத்தை என் மாமியாரிடம் நானும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன். அவள் வேறு வண்டி பிடித்துப் போனாள். மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு வீடு சேர்ந்ததாக அவளே சொன்னாள்.

எங்கள் கதை இதைவிட மோசம். அப்போது எங்களிடம் கார் கிடையாது. விடியற்காலை நான்கரை மணிக்கு, பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் கிருஷ்ணகிரியில் ஏறினோம். கிளம்புகிற அவசரத்தில், விளக்குப் போடாமல், நேற்றைய தாளென்று நினைத்து நாள்காட்டியில் ஒரு கிழி கிழித்தேன். இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. ஒன்றில் திருநீறு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏழு மணி வாக்கில் பஸ் திருவண்ணாமலையைக் கடந்தது. சாலையோரம் இரும்புத் தடுப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏதோ சாலை வேலை என்று நினைத்தேன். காலையில் கூட்டமும் இல்லை. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்: போகும்போது ஒன்றும் தெரியாது.

மாலை ஆறு மணிக்குப் புதுச்சேரியில் நேர் பஸ் எதிலும் இடம் இல்லை. "திருவண்ணாமலை வரை போய் மாறிக்கொள்ளலாம்" என்றார் அவர். ஒன்பதரை மணிக்கு, ஊருக்கு வெளியே செஞ்சி பக்கத்துச் சாலையில், வயலை ஒட்டிய ஒரு தற்காலிக பஸ் நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கிருஷ்ணகிரி பஸ் எங்கே என்றால், ஊருக்கு மறுபுறம், செங்கம் சாலையில்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத இடம் இதுதான். நாம் வீடு திரும்ப வேண்டிய செங்கம் சாலையின் தொடக்கமே கிரிவலப் பாதை. மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டரில் ஒரு பகுதி, ரமணாசிரமத்தைத் தாண்டும் வரை, அந்தச் சாலையில்தான் போகிறது. பௌர்ணமி இரவில் அங்கே லட்சக்கணக்கான கால்கள் நடக்கின்றன. வண்டியைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவார்கள். அந்தச் சுற்றுவழியில் உங்களைப் போலவே "திருவண்ணாமலைக்குப் போகாத" எல்லோரும் நிற்பார்கள்.

ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தோம். புதுச்சேரி நேரு வீதியில் அன்று மதியம்தான் வாங்கிய புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. சுற்றிலும் எல்லோரும் வெறுங்காலோடு, முகத்தில் ஒரு சாந்தத்தோடு நடக்கிறார்கள். நான் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறேன். "வேண்டுதல் இல்லாமலே கால்வாசி கிரிவலம் வந்துவிட்டாய்" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது இல்லை.

நெற்றியில் பூசிக்கொள்ளலாமே என்று ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று திருநீற்று மடிப்பைப் பிரித்தேன். தாளில் அன்றைய தேதி. அதன் கீழே, கொட்டை எழுத்தில்: பௌர்ணமி. காலையிலிருந்து கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நின்றுகொண்டு வர ஒரு பஸ் கிடைத்தபோது மணி ஒன்றரை. வீடு வந்தது காலை ஆறரைக்கு. மாமியார் கேட்ட ஒரே கேள்வி: "அவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்களே, அண்ணாமலையாரையாவது பார்த்தீர்களா?" பார்க்கவில்லை.

ஆகவே தேதி குறிக்குமுன் திதி நேரத்தைப் பாருங்கள். பௌர்ணமி என்று போட்டிருக்கும் ஒரு நாளை மட்டும் தவிர்த்தால் போதாது. திதி சனி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிந்தால் இரண்டு இரவும் கூட்டம்தான். கார்த்திகை தீபத்தின்போது இந்த வழியையே மறந்துவிடுங்கள். வேறு நாளே கிடையாது என்கிறவர்கள் வேலூர் பக்கம் சுற்றிப் போகலாம். தூரம் கூடும், டீசல் கூடும், வீட்டுக்காவது வந்து சேர்வீர்கள்.

கிருஷ்ணகிரி அணையில் நீந்திய தைரியத்தில் கடலில் இறங்குவது

கிணறும் அணையும் உங்களை வெளியே இழுப்பதில்லை. கடல் இழுக்கும்.

நகரத்துக் கடற்கரைச் சாலையின் பெரும்பகுதி கருங்கல் அடுக்கியது. உட்கார்ந்து காற்று வாங்கத்தான். மணலில் கால் நனைக்க ஆசையென்றால் சுண்ணாம்பாறு போய்ப் படகில் மணல் திட்டுக்குப் போங்கள். கடைசிப் படகு எப்போது என்று முதலில் கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

பாட்டில்

மது பாட்டிலைப் பிடிக்க எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. பிடிபட்டால் சிக்குவது எங்கள் வண்டியும்தான். வேண்டாம்.

வெள்ளை நகரத்தைக் காரிலேயே சுற்றுவது

பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி அது. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் அந்தத் தெருக்கள் நேர்நேராகப் போகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேர நடை. காரில் போனால் ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொண்டு ஒரே தேவாலயத்தை மூன்று முறை பார்ப்பீர்கள். நடங்கள். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். எங்கள் வண்டியில் போன ஒரு ஜோடி யாரோ ஒருவர் வீட்டுப் படியில் பதினைந்து நிமிடம் படமெடுத்திருக்கிறது. உள்ளிருந்து ஒரு பாட்டி கதவைத் திறந்து, "முடிந்துவிட்டதா, நான் மருந்து வாங்கப் போக வேண்டும்" என்று கேட்டாராம்.

மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலைக்குள் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "கார் எங்கே?" என்று எனக்குத் தொலைபேசியில் கத்துவதால் பயனில்லை. எங்கே ஏறுவது என்று இறங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களைப் பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். திரும்பும் வழியில் அந்த ஊரைத்தான் தாண்டப் போகிறீர்கள்.

நடக்கும்போது தமிழர் பகுதிக்கும் வாருங்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1908இல் புதுச்சேரிக்கு வந்தவர் பத்து ஆண்டுகள் அந்த ஊரில் இருந்தார். நான்கு முறை உள்ளே போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் வாசலோடு சரி. ஒவ்வொரு முறையும் என்னை இறக்கிவிட்டுவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போய்விடுவார். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் நான் பார்த்து முடித்திருப்பேன்.