தீ என்றால் யாரை அழைப்பது? குவாசூலு-நடால் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் ஒரே வாசலில் வந்து நின்றாலும், தென்னாப்பிரிக்காவில் அவை இரண்டும் வெவ்வேறு நிர்வாகத்தைச் சேர்ந்தவை. 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனப்படி தீயணைப்பு உள்ளாட்சியின் பணி. ஆம்புலன்ஸ் சேவை மாகாண அரசின் பணி. ஆகவே ஆம்புலன்சுக்கு 10177ஐ அழையுங்கள்; தீ என்றால் உங்கள் நகராட்சித் தீயணைப்பு நிலையத்தின் எண்ணை அழையுங்கள். பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராவிட்டால் கைப்பேசியிலிருந்து 112ஐ அழைக்கலாம்.

நிலையத்தின் எண்ணைக் குறித்துவைக்கும் முன், உங்கள் வீடு எந்த நகராட்சியில் இருக்கிறது என்பதை வீட்டுவரி பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் ஆகியவை எத்தெக்வினி பெருநகராட்சிக்குள் அடங்குவதால் அங்கே குழப்பமில்லை. ஸ்டாங்கரில் இருப்பவர்களுக்கோ குவாடுகுசா நகராட்சியும், அதற்கு மேல் இலெம்பே மாவட்ட நகராட்சியும் உண்டு. 1998ஆம் ஆண்டு நகராட்சிக் கட்டமைப்புச் சட்டம் மலை, புல்வெளி, ரசாயனத் தீ போன்ற சிறப்புப் பணிகளையும், வீரர்களின் பயிற்சியையும், வண்டிகளும் கருவிகளும் ஒரே தரத்தில் இருக்கும்படி ஒருங்கிணைப்பதையும் மாவட்டத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது.

அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். எரிவது என்ன, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதை அடுத்துச் சொல்லலாம். சாட்ஸ்வொர்த்தில் நம் பெரியவர்கள் இன்னமும் சாலையைப் பழைய எண்ணைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். அது வீட்டுப் பேச்சுக்குப் போதும், தொலைபேசியில் பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே சொல்லுங்கள். சமையல் எரிவாயு உருளை எங்கே இருக்கிறது என்பதையும் மறவாமல் தெரிவியுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 1987ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம் நகராட்சி இச்சேவைக்குக் கட்டணம் விதிக்க இடமளிக்கிறது. உங்கள் வீட்டுக் காப்புறுதி அந்தத் தொகையை ஏற்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

பெருவெள்ளம் போன்ற பேரிடரில் பொறுப்பு மேலே நகரும். 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி பெருநகராட்சிக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் தனித்தனி மையங்கள் உண்டு. தேசிய மையம் நிகழ்வை உள்ளூர், மாகாண, தேசியப் பேரிடர் என வகைப்படுத்தும். நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளம் முதலில் மாகாணப் பேரிடராகவும், சில நாள்களிலேயே தேசியப் பேரிடராகவும் அறிவிக்கப்பட்டது. அப்போதும் கூரைமேல் தவிப்பவர் அழைக்க வேண்டியது மேற்சொன்ன எண்களைத்தான்.