மீன் வருவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்: சென்னையில் முதல் கடல்நீர்த் தொட்டி

வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கி வந்த ஒரு ஜோடி கிளவுன் மீன் மூன்றாம் நாளே செத்து மிதந்தால், பழி முதலில் கடைக்காரர்மேல்தான் விழும். சில நேரம் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் வீட்டில், மீன் சாவதற்கான காரணம் அந்த மீன் வருவதற்கு முன்பே தொட்டிக்குள் உருவாகியிருப்பதுதான் அதிகம். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், உப்பும் சரியாக இருக்கும். ஆனால் கழிவைச் செரிக்க வேண்டிய பாக்டீரியா அங்கே இன்னும் குடியேறியிருக்காது.

மீன் விடும் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டுமே மெதுவாகப் பெருகுபவை. கல், மணல், ஃபில்டர் இவற்றின் மேற்பரப்பில் போதுமான அளவு பரவ, வெறும் டிரை ராக் (உயிர் எதுவும் ஒட்டியிராத காய்ந்த பாறை) வைத்துத் தொடங்கினால் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். தொட்டியில் நாம் வளர்க்கும் முதல் உயிர் இந்த பாக்டீரியாதான். அந்த வாரங்களில் தொட்டி சும்மா இருப்பதாக நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன.

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம், இன்னொன்று செவுளை எரிக்கும் அமோனியா. பி.எச். 7 உள்ள நன்னீரில் விஷ வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி தண்ணீரில், அதே விஷ வடிவம் பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். நன்னீரில் மீன் தாக்குப்பிடித்த அதே அளவு இங்கே அதைக் கொன்றுவிடும்.

அதனால்தான் "ரெண்டு டாம்சல் விடுங்க, தானா சைக்கிள் ஆயிடும்" என்ற ஆலோசனையை ஏற்காதீர்கள். டாம்சல் முரட்டு மீன், பல நேரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வாரங்கள் முழுக்க அது எரியும் செவுளோடுதான் மூச்சு விடும். ஒரு உயிரை அப்படி வாட்டுவதற்கு எந்த அவசியமும் இல்லை. பிழைத்த டாம்சல் தொட்டியைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, பிறகு வரும் சாதுவான மீன்களை விரட்டிக் கடிக்கும். அதைப் பிடிக்கப் பாறைகளை எல்லாம் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

மீன் இல்லாமலே சைக்கிள் செய்யலாம். சுத்தமான அமோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 2 பங்கு) வரும்வரை சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று 5 பி.பி.எம்.-க்கு மேல் ஏற்றினால் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைப்படும். இறால் துண்டைப் போட்டு அழுகவிடும் முறையும் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அமோனியா வருகிறது என்பது நம் கையில் இருக்காது. ஃபிளாட்டில் அந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். அமோனியா பூஜ்யம் ஆனதும் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி வழிதான். அமோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும், ஏறி ஒரு வாரம், இரண்டு வாரம் அப்படியே நிற்கும். உப்புநீரில் நைட்ரைட் நன்னீரில்போல அவ்வளவு விஷமில்லை, தண்ணீரில் உள்ள குளோரைடு அது மீனுக்குள் போவதைத் தடுக்கும். ஆனாலும் அது இறங்கவில்லை என்றால் இரண்டாம் வகை பாக்டீரியா இன்னும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கடைசிச் சோதனை இதுதான்: மறுபடி 2 பி.பி.எம். அமோனியா சேருங்கள், 24 மணி நேரம் கழித்து அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். டெஸ்ட் கிட்டோடு வரும் வண்ண அட்டையில் கடல்நீருக்குத் தனி அட்டை இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டில் பாக்டீரியா உதவும். ஆனால் அது உயிருள்ள பொருள். ஏப்ரல், மே மாதத்தில் கூரியர் வண்டியில் நாள்கணக்கில் வெந்து வந்த பாட்டிலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று நம்ப முடியாது. காலாவதி தேதியையும் கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஊற்றிய பிறகும் டெஸ்ட் கிட் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

சைக்கிள் நடக்கும்போது லைட் எரிய வேண்டியதில்லை. எரிந்தால் பாசிக்குத்தான் தீனி. விளக்கு போடத் தொடங்கிய வாரங்களில் மணலும் பாறையும் பழுப்பு நிறமாகப் படியும். அது டயட்டம் என்ற நுண்பாசி, பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வரும், தானாகப் போய்விடும். மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். சென்னை அபார்ட்மெண்ட் குழாயில் மெட்ரோ வாட்டர், போர், லாரி மூன்றும் கலந்து வரும், கலவை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் ஆர்.ஓ. தண்ணீர் கட்டாயம். ஆனால் வீட்டுச் சமையலறை ஆர்.ஓ. மெஷினை அப்படியே நம்ப வேண்டாம். ருசிக்காக அதில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கண்ட்ரோலரோ மினரல் கார்ட்ரிட்ஜோ வைத்திருப்பார்கள், அது வடிகட்டியதில் மறுபடி உப்பைச் சேர்க்கும். அது இல்லாவிட்டாலும் மெம்பிரேன் சுமார் 90 முதல் 95 சதவீதம்தான் நீக்கும். போர் தண்ணீர் 1500 டி.டி.எஸ். இருந்தால் வெளியே வருவது 75 முதல் 150. அதன்பின், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேன் தண்ணீரையும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள், மீட்டர் பெரிய விலை இல்லை.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு கேன் மொண்டு வந்தா போதாதா?" என்று நினைப்பது இயல்பு. மெரினாவின் வடக்கு முனையில் கூவம் கலக்கிறது, தெற்கே அடையாறு கலக்கிறது. இரண்டும் நகரத்துக் கழிவைச் சுமந்து வருகின்றன. எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவே நடந்தது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரையோர நீரின் உப்பளவும் இறங்கிவிடும். கல் உப்பும் சரிப்படாது, உப்பளத்தில் கால்சியம், மெக்னீசியம் பெரும்பகுதி பிரிந்துபோய்விடும். அக்வேரியத்துக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்பைத் தனி டிரம்மில், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, முழுக்கக் கரைத்து எடுங்கள். அளவு 35 பி.பி.டி. (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு), அதாவது அடர்த்தி எண் 1.026-ஐ ஒட்டி. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்து மட்டும் சரிபார்க்காமல், 35 பி.பி.டி. கரைசல் வாங்கிச் சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. கத்திரி வெயிலில் ஃபேன் ஓடும் தொட்டியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குறையும். அதை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், தினமும். ஒரு அடிக்கு ஒரு அடி தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் பயங்கரமாக இருக்கும். முதல் தொட்டி சுமார் 120 லிட்டராவது இருந்தால் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம்.

குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து முதலில் ஹீட்டர் வாங்குகிறார்கள். சென்னையில் அந்தக் காசைக் குளிர்விப்பதற்கு வையுங்கள். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது, நம் கோடையில் அது 31, 32 என்று போகும். சூடேறும்போது மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடும், தண்ணீரில் கரைந்திருப்பதோ குறையும். தண்ணீர்மேல் வீசும் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் அவ்வளவு பலன் தராது. பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) தவிர்க்க முடியாதது. சில்லரை ஸ்டாண்டின் கீழே மூடிய கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள், அது கக்கும் சூடு அங்கேயே சுற்றும்.

கரண்ட் போனால் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) ஓடும்படி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்ப் கையில் இருப்பது நல்லது. கொசு விஷயத்திலும் கவனம் வேண்டும். கொசு விரட்டி லிக்விட், காயில், தெருவில் அடிக்கும் புகை மருந்து இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, ஏர் பம்பையும் ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயையும் சிறிது நேரம் நிறுத்துங்கள்.

மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த "லைவ் ராக்" (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) என்று யாராவது பவளப் பாறையை நீட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல் குதிரையும் அப்படியே. அழிந்துகொண்டிருக்கும் அந்தத் திட்டுகளிலிருந்து ஒரு கல்கூட நம் வரவேற்பறைக்கு வரக் கூடாது. டிரை ராக் போதும், பாக்டீரியாவுக்கு வேற்றுமை தெரியாது. கிளவுன் மீனிலும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கிளவுன் மீன்களை வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, தீனியும் சீக்கிரம் எடுக்கும்.

முதலில் ஒன்று அல்லது இரண்டு சிறிய மீன் மட்டும். அந்த வாரம் தினமும் அமோனியா பாருங்கள். 0.25 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் தீனியை ஒரு நாள் நிறுத்தி, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அதற்காக ஒரு டிரம் உப்புத் தண்ணீரை முன்கூட்டியே கலந்து மூடி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தேவைப்பட்டால் அப்போது கலக்க உட்கார நேரம் இருக்காது.